சாயத்தில் எழுதிய படம்: பதிவு டிவிடிகளின் பழுதும் அதன் வரலாறும்

2000களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள், குடும்ப நிகழ்ச்சிகளையும் தொலைக்காட்சிப் பதிவுகளையும் பழைய வீடியோ கேசட்டுகளின் படிகளையும் காத்துவைக்கும் வேலை, வெற்று வட்டாக வாங்கி வீட்டிலோ கடையிலோ எழுதிக்கொள்ளும் டிவிடியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்த வட்டுகளில் படம் கட்டம் கட்டமாக உடைவதும், ஒலி நடுவில் அறுந்து ‘டப்’ என்ற வெடிப்போடு திரும்புவதும், ஒரு பிளேயரில் ஓடும் வட்டு இன்னொன்றில் ஓடாமற்போவதும் அக்காலத்தின் அன்றாடக் குறைகள். வட்டில் விழுந்த கீறலோ பிளேயரின் லென்ஸில் படிந்த தூசியோதான் காரணம் என்று பெரும்பாலோர் முடிவுகட்டினர். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருந்தது. ஆயினும் இத்தொழில்நுட்பத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், பழுது வெளிப்பட்ட இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறானவை என்பதும், அவ்விரண்டையும் பிரித்தறியும் முறை உருவாவதற்கே பல ஆண்டுகள் பிடித்தன என்பதும் புலப்படும்.

இதற்கு முந்திய ஊடகங்களில் அத்தகைய குழப்பம் குறைவு. இசைத்தட்டின் பள்ளம் தேயத் தேயக் கரகரப்பு கூடியது. ஒலிநாடாவின் காந்தப்பூச்சு உதிர உதிர இரைச்சல் மிகுந்தது. வீடியோ கேசட்டில் வெள்ளைக் கோடுகள் ஆண்டுக்காண்டு பெருகின. ஊடகம் கெடுவது கண்ணுக்கும் காதுக்கும் படிப்படியாகத் தெரிந்ததால், முற்றிலும் அழிவதற்குள் வேறொன்றுக்குப் படியெடுத்துக்கொள்ள உரியவருக்கு அவகாசம் கிடைத்தது. எண்முறைப் பதிவில், அதாவது ஒலியையும் ஒளியையும் 0, 1 என்னும் இலக்கங்களின் வரிசையாக மாற்றி எழுதும் முறையில், அந்த அவகாசம் மறைந்துபோனது. வட்டு உள்ளூர நலிந்துகொண்டிருக்கையிலும் படம் பழுதின்றித் தெரியும். ஓர் எல்லை கடந்ததும் திடீரென்று உடையும். இந்த இயல்பு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, டிவிடி எவ்வாறு உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1990களின் நடுவில் இரண்டு அணிகள் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு வட்டுகளை முன்வைத்தன. சோனியும் ஃபிலிப்ஸும் ஒருபுறம், தோஷிபா, மட்சுஷிட்டா, டைம் வார்னர் உள்ளிட்டவை மறுபுறம் நின்றன. ஐபிஎம் முதலிய கணினி நிறுவனங்கள் ஒரே தரத்தை வற்புறுத்தியதன் விளைவாக 1995இல் உடன்பாடு ஏற்பட்டு, 1996 நவம்பரில் ஜப்பானில் முதல் டிவிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. உடன்பாட்டின்படி உருவான வட்டு 120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. பழைய சிடியைப் போல ஒரே தகடாக இல்லாமல், 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளைப் பசையால் ஒட்டி ஆக்கப்பட்டது. சிடியில் 1.6 மைக்ரோமீட்டராக இருந்த தடங்களுக்கிடையிலான தொலைவு இதில் 0.74 மைக்ரோமீட்டராகக் குறைந்தது. தடத்தில் தகவலைக் குறிக்கும் மிகச் சிறிய குழியின் நீளமும் 0.83 மைக்ரோமீட்டரிலிருந்து 0.40 மைக்ரோமீட்டராகச் சுருங்கியது. அதற்கேற்ப, 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரின் இடத்தை 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் பிடித்தது. ஒரே பரப்பில் ஏறத்தாழ ஏழு மடங்கு தகவல் அடங்கியதற்கு இதுவே அடிப்படை. வட்டின் சிறு வளைவும் சிறு மாசும்கூடப் பெருந்தொல்லையாக மாறியதற்கும் இதுவே அடிப்படை.

ஆலையில் அச்சிட்டு வரும் திரைப்பட டிவிடியில் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டு அலுமினியத்தால் மூடப்பட்டிருக்கும். வீட்டில் எழுதும் வட்டில் அத்தகைய குழிகள் இல்லை. அதன் வழி வேறு. அது 1988இல் ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் உருவாக்கிய எழுதத்தக்க சிடியிலிருந்து வருகிறது. எமிகோ ஹமாடாவின் ஆய்வில் பிறந்த அந்த முறையில், பிளாஸ்டிக்குக்கும் உலோகப்பூச்சுக்கும் இடையே கரிமச் சாயத்தாலான மெல்லிய படலம் இடப்படுகிறது. எழுதும்போது லேசரின் ஆற்றலைக் கூட்டினால் அது படும் இடத்தில் சாயம் சிதைந்து ஒளியை வேறுவிதமாகத் திருப்பும் புள்ளியாகிறது. ஆற்றலைக் குறைத்துப் படிக்கும்போது அந்தப் புள்ளி குழியைப் போலவே தோற்றமளிக்கிறது. பிளேயரைப் பொறுத்தவரை அங்கே குழி இருப்பதாகவே கணக்கு. ஆனால் இந்தத் தோற்றம் எவ்வளவு கூர்மையாக அமைகிறது என்பது சாயத்தின் தரம், படலத்தின் சீரான தடிமன், லேசரின் ஆற்றல், அது எரிந்த நேரம் ஆகிய நான்கும் இசைந்து வருவதைப் பொறுத்தது. பதிவு டிவிடியின் பழுதுகள் அனைத்தையும் பற்றிப் பேசும்போது இந்த நான்கையும் மறக்கலாகாது.

பயோனியர் நிறுவனம் 1997இல் டிவிடி-ஆர் எழுதியை, அதாவது ஒருமுறை எழுதத்தக்க டிவிடியில் எழுதும் கருவியை, வெளியிட்டபோது அதன் விலை ஏறத்தாழ 17,000 டாலர். வட்டில் அடங்கிய அளவு 3.95 ஜிகாபைட். திரைப்பட நிறுவனங்களும் பதிப்பகங்களும் முன்மாதிரி எடுத்துப் பார்ப்பதற்கென்று அமைந்த கருவி அது. 4.7 ஜிகாபைட் அளவை எட்டிய பின்னர், 2000இல் டிவிடி-ஆர் இரண்டு கிளைகளாகப் பிரிந்தது: தொழில்முறைப் பயன்பாட்டுக்கானது 635 நானோமீட்டர் லேசராலும், பொதுமக்களுக்கானது 650 நானோமீட்டர் லேசராலும் எழுதப்பட்டன. சாயம் குறிப்பிட்ட அலைநீளத்துக்கே சரியாக வினைபுரியும் என்பதால், ஒரு கிளைக்கான வட்டை மற்றதன் எழுதியில் பயன்படுத்த இயலவில்லை. எழுதிய பின் படிப்பதில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. 2001இல் பயோனியரின் ஏ03 எழுதி 1,000 டாலருக்கும் குறைந்த விலையில் வந்தது; அதே ஆண்டு ஆப்பிள் தன் கணினிகளில் அதைப் பொருத்தி விற்றது. பதிவு டிவிடி வீட்டுக்குள் நுழைந்த ஆண்டாக 2001ஐக் கொள்வதே பொருத்தம்.

நுழைந்த வேகத்திலேயே அது பிளவுபட்டும் போனது. டிவிடியின் தரத்தை வகுக்கும் அமைப்பான டிவிடி மன்றத்தின் ஒப்புதல் பெற்ற டிவிடி-ஆர், டிவிடி-ஆர்டபிள்யூ, டிவிடி-ராம் ஆகியவற்றுக்கு எதிராக, ஃபிலிப்ஸ், சோனி, ஹியூலட் பேக்கார்ட், ரீகோ முதலிய நிறுவனங்களின் கூட்டணி டிவிடி+ஆர்டபிள்யூவை 2001இலும் டிவிடி+ஆரை 2002இலும் கொண்டுவந்தது. கழித்தல் குறிக்கும் கூட்டல் குறிக்கும் இடையிலான வேறுபாடு, எழுதும் லேசர் தான் இருக்குமிடத்தை அறியும் முறையில் அமைந்தது. முன்னதில் தடங்களுக்கிடையே உள்ள திட்டில் முன்கூட்டியே பொறித்த சிறு குழிகள் முகவரி காட்டின. பின்னதில் தடத்தின் நெளிவிலேயே முகவரி அடக்கப்பட்டிருந்தது. 2002இன் பிற்பகுதியில் சோனி இரண்டையும் எழுதும் கருவியை வெளியிட்ட பிறகு எழுதுவோரின் சிக்கல் தணிந்தது. படிப்போரின் சிக்கல் தணியவில்லை.

பதிவு டிவிடி என ஒன்று வரும் என்பதைக் கருதாமல் செய்யப்பட்ட பிளேயர்கள் அப்போது ஏராளமாகப் புழக்கத்தில் இருந்ததே அதற்குக் காரணம். வட்டின் உள்விளிம்பில், அது எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் ஓர் இலக்கம் எழுதப்பட்டிருக்கும். அந்த இலக்கம் தனக்குத் தெரியாததாக இருந்தால், வட்டு நன்றாக இருந்தும் பழைய பிளேயர் அதை ஏற்க மறுத்தது. மீண்டும் மீண்டும் எழுதத்தக்க ஆர்டபிள்யூ வட்டுகளின் நிலை இன்னும் மோசம்: அச்சிட்ட ஒற்றையடுக்கு வட்டு தன்மேல் படும் ஒளியில் 45 விழுக்காட்டுக்கு மேல் திருப்பியனுப்பும்போது, அவை 18 முதல் 30 விழுக்காடு வரையே திருப்பின. இரட்டையடுக்குத் திரைப்பட வட்டின் அளவும் அதுவே என்பதால், சில பிளேயர்கள் அவற்றை இரட்டையடுக்கு வட்டென்று கருதி, இல்லாத இரண்டாம் அடுக்கைத் தேடித் தேடி ஓய்ந்தன. கூட்டல் வகை எழுதிகள் விரைவில் ஒரு தீர்வைக் கண்டுபிடித்தன. வட்டின் வகை இலக்கத்தை ஆலை வட்டுக்குரியதாக மாற்றி எழுதிவிட்டால், முன்பு மறுத்த பிளேயர் அதே வட்டை மறுபேச்சின்றி ஓட்டியது. அக்காலத்தில் ‘மோசமான டிஸ்க்’ என்று குப்பைக்குப் போனவற்றில் ஒரு பகுதி, இந்த ஓர் இலக்கத்தால் மட்டுமே தோற்றவை என்பது வருந்தத்தக்கது.

எழுதி முடித்த வட்டை நிறைவுசெய்யாமல் விடுவதும் இதே வகையான குறையைத் தோற்றுவித்தது. நிறைவுசெய்தல் என்பது வட்டின் தொடக்கப் பகுதியையும் முடிவுப் பகுதியையும் எழுதி முத்திரையிடும் வேலை. அது நடைபெறாத வட்டு, எழுதிய கருவியில் மட்டும் ஓடும், மற்றவற்றில் வெற்று வட்டாகவே தோன்றும்.

இனி, ஏற்றுக்கொள்ளப்பட்ட வட்டு ஓடும்போது எழும் பழுதுகளுக்கு வரலாம். இவ்வரலாற்றின் மையம் இங்கேதான் உள்ளது. டிவிடியிலிருந்து பிழையே இல்லாமல் தகவல் படிக்கப்படுவதில்லை. புத்தம் புதிய வட்டிலும் பிழைகள் உண்டு. அவற்றைத் திருத்துவதற்கென்று, இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960இல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் இருந்தபோது வெளியிட்ட கணித முறை கையாளப்படுகிறது. டிவிடியில் தகவல் 32 கிலோபைட் கொண்ட தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியும் 192 வரிகளும் 172 பத்திகளும் உள்ள கட்டமாக அடுக்கப்படுகிறது. பிறகு ஒவ்வொரு வரிக்கும் 10 சரிபார்ப்பு இலக்கங்களும் ஒவ்வொரு பத்திக்கும் 16 சரிபார்ப்பு இலக்கங்களும் சேர்க்கப்படுவதால், கட்டம் 208 வரிகளும் 182 பத்திகளுமாக விரிகிறது. வரிக்கு வரியும் பத்திக்குப் பத்தியும் கூட்டுத்தொகை போட்டு வைத்த கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் ஒரு தொகை அழிந்துபோனாலும் குறுக்கும் நெடுக்கும் பார்த்து அதை மீட்டுவிடலாம் என்பதைப் போலத்தான் இதுவும். ஒரு வரியில் ஐந்து பைட்டுகள் வரை கெட்டிருந்தால் அந்த வரியே தன்னைத் திருத்திக்கொள்கிறது. அதை மீறினால் பத்திகள் கைகொடுக்கின்றன. தொடர்ச்சியாக 6 மில்லிமீட்டர் அளவுக்குத் தடம் மறைந்தாலும் இழப்பை முழுமையாக ஈடுகட்டும் ஆற்றல் இதற்கு உண்டு.

இத்தனை வலிமையான காவலுக்குள் இருப்பதால்தான் வட்டின் நலிவு வெளியே தெரிவதில்லை. பிழைகள் பத்து மடங்கு கூடினாலும் திரையில் ஒரு புள்ளியும் மாறுவதில்லை. திருத்தும் வல்லமையின் எல்லையை அவை தாண்டும் நொடியில் 32 கிலோபைட் தொகுதியில் திருத்த இயலாத பகுதி பிளேயரின் கையைவிட்டுப் போகிறது. இசைச் சிடியில் இவ்வாறு நேர்ந்தால், விடுபட்ட ஒலியளவை முன்னும் பின்னும் உள்ளவற்றின் நடுவளவாகக் கணித்து நிரப்பிக் காதை ஏமாற்ற வழியிருந்தது. டிவிடியில் உள்ளவையோ சுருக்கப்பட்ட தகவல்கள். அவற்றுள் ஒன்று போனால் அதைச் சார்ந்த பலவும் பொருளிழக்கின்றன.

படத்தின் சுருக்கமுறையான எம்பெக்-2இல் ஒரு முழுப்படம் எழுதப்பட்டு, அதைத் தொடரும் படங்கள் முன்னதிலிருந்து எவ்வாறு மாறின என்பது மட்டுமே குறிக்கப்படுகிறது. இந்தியாவில் வழங்கும் பால் முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒரு முழுப்படத்தைச் சார்ந்த குழுவில் 15 படங்கள் வரை இருக்கலாம். குழுவின் தலைப்படத்தில் சிதைவு நேர்ந்தால் அடுத்த முழுப்படம் வரும்வரை, அதாவது ஏறத்தாழ 0.6 நொடிக்கு, பச்சையும் இளஞ்சிவப்புமான கட்டங்கள் திரையில் சிதறி நின்று பின் தாமாகவே மறைவது இதனால்தான். ஒலிக்கும் தனி இயல்பு உண்டு. டால்பி டிஜிட்டல் ஒலி, 32 மில்லிநொடி நீளமுள்ள துண்டுகளாகக் கட்டப்படுகிறது. ஒரு துண்டு கெட்டால் பிளேயர் அதை மௌனமாக்குவதால் பேச்சு நடுவில் அறுகிறது. சுருக்கப்படாத ஒலியாக எழுதியிருந்தால், தவறான இலக்கம் அப்படியே ஒலிபெருக்கிக்குச் சென்று வெடிப்பொலியாகிறது.

இந்த விவரங்கள் பரவலாகத் தெரியவந்த பிறகே பழுதறிதல் முறைப்பட்டது. இடைவிடாமல் கேட்கும் ‘உஸ்’ என்ற இரைச்சலையோ தாழ்ந்த ரீங்காரத்தையோ வட்டு உண்டாக்க இயலாது. அவை பெரும்பாலும் பதிவு செய்யும்போதே உள்ளே வந்தவை. படம் உடைவதும் ஒலி அறுவதும் ஒரே கணத்தில் நிகழ்ந்தால் அது படிப்பதில் நேர்ந்த பிழை. கூட்டம் நகரும் காட்சியிலும் நீர்த்துளி தெறிக்கும் காட்சியிலும் மட்டும் படம் கட்டங்களாகக் கலங்கி, ஒலி குறையின்றிக் கேட்டு, எல்லாப் பிளேயரிலும் அதே இடத்தில் அவ்வாறே தோன்றினால், குறை சுருக்கியதில் உள்ளது. வட்டிலுள்ள கோப்புகளைக் கணினியின் வன்தட்டுக்குப் படியெடுத்து அங்கே ஓட்டிப் பார்ப்பது இவற்றைப் பிரிக்கும் எளிய சோதனையாக நிலைபெற்றது: பிழையின்றிப் படியாகியும் குறை தொடர்ந்தால் வட்டின்மேல் குற்றமில்லை.

மூன்றாம் வகைக் குறைதான் வீட்டுப் பதிவுகளில் மிகுதி. தொலைக்காட்சியோடு இணைக்கும் டிவிடி ரெக்கார்டர்கள், 4.7 ஜிகாபைட் வட்டில் ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி நேரம் எனப் பல நிலைகளைத் தந்தன. வட்டின் கொள்ளளவு மாறாததால், நேரம் கூடக் கூட நொடிக்குரிய தகவல் சுருங்கியது. நான்கு மணி நேர நிலையில் பல கருவிகள் படத்தின் அகலத்திலுள்ள புள்ளிகளைப் பாதியாகக் குறைத்தே சமாளித்தன. பழைய வீடியோ கேசட்டிலிருந்து படியெடுக்கும்போது சிக்கல் இரட்டித்தது. நாடாவின் இரைச்சலால் திரை முழுவதும் ஆடும் பொடிப்புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுகின்றன. மாற்றத்தை மட்டும் குறிக்கும் எம்பெக்-2 அவற்றையும் உண்மையான அசைவாகவே கொண்டு தகவலைச் செலவிட்டு, முகங்களுக்கு வேண்டியதைக் கொடுக்காமல் விடுகிறது. கேசட் படத்தின் அடிவிளிம்பில், நாடாவைப் படிக்கும் தலைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது கிழிந்த கோடுகளாகத் தோன்றும் பட்டையும் மூலத்திலேயே இருந்த குறைதான். பழைய குழாய்த் தொலைக்காட்சி படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்ததால் அது யார் கண்ணிலும் படாமல் இருந்தது. டிவிடியாக மாற்றிக் கணினித் திரையில் பார்த்தபோது புதிதாக முளைத்த பழுதாகத் தோன்றியது.

தமிழ்நாட்டில் 1980களிலிருந்து கேசட்டுகளில் எடுக்கப்பட்ட திருமணப் படங்கள், 2000களில் ஊருக்கு ஊர் ஸ்டூடியோக்களில் டிவிடிக்கு மாற்றப்பட்டபோது இக்குறைகள் அனைத்தும் அவற்றோடு சேர்ந்தே வந்தன. முகூர்த்தம், வரவேற்பு, விருந்து என்று மூன்று கேசட் நீளமுள்ள நிகழ்ச்சியை ஒரே வட்டில் அடக்கித் தரச் சொல்லும் வழக்கம் படத்தின் தரத்தை மேலும் குறைத்தது. அந்தப் படங்களுக்கு வேறு மூலம் இல்லாத இன்றைய நிலையில், அன்று இன்னும் இரண்டு வட்டுகள் கூடுதலாகச் செலவிட்டிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாம் வகையான படிப்புப் பிழைகளுக்கு வேர், வேகப்போட்டியில் இருக்கிறது. முதல் எழுதிகள் ஒற்றை வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபிட் என்ற அளவில் எழுதின. வட்டு நிரம்ப ஒரு மணி நேரம் ஆனது. 2004இல் 16 மடங்கு வேகம் வந்தபோது அதே வேலை ஆறு நிமிடங்களுக்குள் அடங்கியது. ஒவ்வொரு சாயத்துக்கும் ஒவ்வொரு வேகத்துக்கும் லேசர் துடிப்பின் வலிமையும் நீளமும் வெவ்வேறாக அமைய வேண்டும். வட்டில் பொறித்த தயாரிப்பாளர் குறியீட்டைப் படித்து, தன் நினைவகத்தில் உள்ள பட்டியலிலிருந்து அதற்குரிய எழுதுமுறையை எழுதி தேர்ந்துகொள்கிறது. பின் வட்டின் உள்விளிம்பில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் சில புள்ளிகளை எழுதிப் பார்த்து ஆற்றலைச் சரிசெய்கிறது. பட்டியலில் இல்லாத குறியீடு வந்தால் பொதுவான ஒரு முறையால் எழுதிவிடும்; பதிவு வெற்றி என்று திரையில் செய்தி வரும்; புள்ளிகளின் விளிம்புகள் மட்டும் மங்கலாக இருக்கும். எழுதியின் உள்நிரலைப் புதுப்பித்ததும் அதே வட்டுக்கட்டு நன்றாக எழுதப்பட்டதைப் பலர் கண்டது இதனால்தான். பெயர்பெற்ற ஆலையின் குறியீட்டைத் தம் மலிவு வட்டில் பொறித்து விற்ற போலிகளால் இந்த ஏற்பாடு முழுவதும் பொய்த்தது. எழுதி ஒரு சாயத்தை எண்ணி எழுத, உள்ளே இருந்தது வேறொரு சாயம்.

எழுதிய வட்டைத் திருப்பி விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், ஊதா நிறப் பரப்பில் எழுதிய பகுதி சற்றே நிறம் மாறி, எழுதாத வெளிப்பகுதியிலிருந்து தெளிவான ஒரு வளையக்கோட்டால் பிரிந்து நிற்பதைக் காணலாம். டிவிடி உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுவது. சாயம், சுழலும் வட்டின் நடுவில் ஊற்றப்பட்டு வெளியே பரவி உறைவதால், சீர்கேடு மிகுதியாக நேர்வது வெளிவிளிம்பில்தான். வட்டு வளைந்தால் லேசர் சாய்ந்து விழுவதும் அங்கேதான். உச்ச வேகம் எட்டப்படுவதும் அங்கேதான். அந்த வளையக்கோடு விளிம்பை நெருங்கிய வட்டுகளில், படத்தின் கடைசி இருபது நிமிடங்களில் சிக்கல் தோன்றுவது தற்செயலானதன்று. முழுக் கொள்ளளவையும் நிரப்பாமல் விளிம்பில் சிறிது இடம் விட்டு, வட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்துக்குக் குறைந்த வேகத்தில் எழுதுவது அனுபவசாலிகளின் வழக்கமாயிற்று. மிகக் குறைந்த வேகம்தான் மிகச் சிறந்தது என்ற நம்பிக்கையும் உடன் பரவியது; அது எல்லா வட்டுக்கும் பொருந்தவில்லை. 16 மடங்கு வேகத்துக்கென்று வடிவமைத்த சாயத்தை ஒற்றை வேகத்தில் எழுதுவதற்கான முறை பல எழுதிகளில் இல்லவே இல்லை. நடுத்தர வேகமே நல்ல பலன் தந்தது.

பிழைகளை எண்ணிக் காட்டும் மென்பொருள்கள் சாதாரணப் பயனாளருக்கும் கிடைத்தது இக்காலத்தின் பெரும் பேறு. கே-புரோப், நீரோ சிடி-டிவிடி ஸ்பீட் போன்றவை, திருத்தப்படுவதற்கு முன் வட்டில் இருந்த பிழைகளை வரைபடமாகக் காட்டின. தரவரையறையின்படி, அடுத்தடுத்த எட்டுத் தொகுதிகளில் பிழையுள்ள வரிகள் 280ஐத் தாண்டலாகாது. வட்டை எழுதியவுடன் ஒருமுறையும் ஆண்டுக்கொருமுறையும் இவ்வாறு அளந்து ஒப்பிட்டால், திரையில் அறிகுறி தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே நலிவு தெரிந்துவிடும். கேசட்டோடு மறைந்த அந்த அவகாசம், இந்த அளவீட்டின் வழியே ஓரளவு மீண்டு வந்தது எனலாம். வீட்டுக் கருவியின் அளவீடு ஆய்வகக் கருவியினதுக்கு ஈடாகாது. ஒரே வட்டுக்கு இரு கருவிகள் இருவேறு எண்ணிக்கை காட்டுவதும் உண்டு. ஒரே கருவியில் எடுத்த அளவுகளைக் காலப்போக்கில் ஒப்பிடுவதே பொருளுள்ளது.

வட்டின் விலை வீழ்ச்சியும் தரத்தோடு பிணைந்த கதை. தையோ யூடெனும், தன் அசோ சாயத்தை வெர்பேட்டிம் பெயரில் விற்ற மிட்சுபிஷி கெமிக்கலும் நம்பகத்தன்மைக்குப் பெயர்பெற்றிருந்த வேளையில், உற்பத்தியின் பெரும்பகுதி தைவானின் சிஎம்சி, ரைட்டெக் போன்ற ஆலைகளுக்கும் இந்தியாவின் மோசர் பேயருக்கும் நகர்ந்தது. 1983இல் தொடங்கப்பட்டு, நெகிழ்வட்டு செய்து, 1999 முதல் ஒளிவட்டுகளில் இறங்கிய மோசர் பேயர், நொய்டா வட்டாரத்தில் அமைந்த தன் ஆலைகளால் உலகின் முன்னணி உற்பத்தியாளர்களுள் ஒன்றானது. பிறகு திரைப்பட உரிமைகளை வாங்கி, தமிழ்ப்படங்கள் உட்பட, மிகக் குறைந்த விலைக்கு டிவிடிகளாக விற்றது. 2008இல் ‘பூ’ போன்ற தமிழ்ப்படங்களின் தயாரிப்பிலும் பங்கேற்றது. ஒரே பெட்டிப் பெயரின்கீழ் வெவ்வேறு ஆலைகளின் வட்டுகள் விற்கப்பட்டதால், சென்ற முறை நன்றாக அமைந்த பெயரையே நம்பி வாங்கியவர் இம்முறை வேறு சாயத்தைப் பெற்றார். பெட்டியின் பெயரை விட்டுவிட்டு வட்டினுள் இருக்கும் குறியீட்டைப் பார்க்கும் பழக்கம் அதனால்தான் வேரூன்றியது.

வட்டின்மேல் ஒட்டப்பட்ட காகித லேபிளும் பழுதுகளின் வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. மணமக்களின் படத்தை அச்சிட்டு ஒட்டிய வட்ட லேபிள் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் எடை ஒருபக்கம் சாய்கிறது. கணினி இயக்ககத்தில் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுழலும்போது அது உறுமலாக ஒலிக்கிறது. இதுவே வட்டு எழுப்பும் உண்மையான இயந்திர ஓசை. ஒலிப்பதிவோடு இதற்குத் தொடர்பில்லை. காலப்போக்கில் காகிதம் ஈரத்தை உறிஞ்சியும் உலர்ந்தும் சுருங்கி வட்டை வளைக்கிறது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட, ஃபிரெட் பயர்ஸ் எழுதிய கையேடு, ஒட்டும் லேபிள்களைத் தவிர்க்கவும், வட்டுகளைப் பெட்டிக்குள் நிமிர்த்தி வைக்கவும், கரைப்பான் கலவாத மையால் எழுதவும் பரிந்துரைத்தது. நீண்டகாலச் சேமிப்புக்கு அது சொன்ன 20 டிகிரிக்கு மேற்படாத வெப்பமும் 50 விழுக்காட்டுக்கு மேற்படாத ஈரப்பதமும் சென்னை வீடொன்றின் அலமாரியில் ஆண்டின் எந்த மாதத்திலும் இயல்பாகக் கிடைப்பதில்லை. ஒட்டுப்பசை விலகினால் காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து வெள்ளிப்பூச்சைக் கறுக்கச் செய்கின்றன. வெயில் படும் சாயம் தானே மங்குகிறது.

தையோ யூடென் 2015இல் இத்தொழிலிலிருந்து விலகியது. மோசர் பேயரைக் கலைக்க 2018இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. எழுதப்பட்ட வட்டுகள் மட்டும் வீடுகளில் எஞ்சியுள்ளன. அவற்றைப் படித்தெடுப்போர் இன்று கையாளும் முறை, மேலே கண்ட வரலாற்றின் நேரடிப் பயன். லேபிளை உரிக்க முயல்வதில்லை, ஏனெனில் உரிக்கும் விசை வட்டின் இரு தகடுகளையும் பிரித்துவிடக்கூடும். வட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புநோக்கி நேர்கோட்டில் துடைக்கின்றனர். தடத்தின் போக்கில் வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தொடர்ச்சியான நீண்ட இழப்பாகும் என்பது பிழைதிருத்தத்தின் எல்லையை அறிந்தோருக்கு விளங்கும். முதலில் அதை எழுதிய கருவியிலேயே, அது கிடைக்குமானால், படிக்க முயல்கின்றனர். தவறினால் வேறு நிறுவனத்தின் இயக்ககத்தில், குறைந்த வேகத்தில். ஒன்றின் லேசர் தவறவிடும் பகுதியை இன்னொன்றின் லேசர் படித்துவிடுவது அரிதன்று. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள், படிக்க முடியாத பகுதிகளின் பட்டியலைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த இயக்ககத்தில் அந்த இடங்களை மட்டும் மீண்டும் முயன்று, கிடைத்தவற்றைக் கொண்டு ஒரே படிமத்தை நிரப்பிச் செல்கிறது.